கேனா, ஆர்.ஓ.வா, கொதிக்கவைத்த தண்ணீரா? டெல்டா வீட்டுக்கு எது கட்டுபடியாகும்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, எந்த ஊரானாலும் காலையில் கேன் வண்டி வருகிறது. அதே தெருக் குழாயில் கொள்ளிடத்துத் தண்ணீரும் வருகிறது. குழாய்த் தண்ணீரைப் பாத்திரம் கழுவ விட்டுவிட்டு, போர் தண்ணீரை ஆலையில் வடிகட்டி அடைத்த கேனைக் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிறோம். இது தேவைதானா என்பதை முடிவு செய்ய வேண்டியது விளம்பரம் இல்லை, உங்கள் வீட்டுக்கு வரும் தண்ணீர்.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன் குழாய்த் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது அதில் கரைந்திருக்கும் உப்பின் அளவைப் பாருங்கள். பேனா போன்ற மீட்டர் சில நூறு ரூபாய்தான். தெருவுக்கு ஒன்று இருந்தாலே போதும். குடிநீருக்கான இந்தியத் தரம் (ஐ.எஸ். 10500) லிட்டருக்கு 500 மி.கி. வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வை (நுண்ணிய சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி உப்பையும் பிரிக்கும் வடிகட்டி) தடை செய்யும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் சொன்னது. மீட்டர் காட்டுவது கரைந்த உப்பை மட்டும்தான். கிருமியோ நைட்ரேட்டோ அதில் தெரியாது. அதற்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். வயலை ஒட்டிய போர் தண்ணீர் என்றால் கட்டாயம் சோதியுங்கள். உரத்து நைட்ரேட் கொதிக்கவைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

இனி செலவுக் கணக்கு. நாலு பேர் வீட்டில் குடிக்க நாளைக்கு 10 லிட்டர், அதாவது இரண்டு நாளைக்கு ஒரு கேன் என்று வைத்துக்கொள்வோம். கேன் 35 ரூபாய் என்றால் வருஷத்துக்கு ஏறக்குறைய 6,400 ரூபாய். உங்கள் தெரு விலை வேறானால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆர்.ஓ. இயந்திரம் 12,000 ரூபாய், எட்டு வருஷம் உழைக்கிறது என்றால் வருஷத்துக்கு 1,500. ஃபில்டர், மெம்பரேன், சர்வீஸ் எல்லாம் சேர்த்துச் சராசரியாக நாலாயிரம். மொத்தம் 5,500, கேனைவிடப் பெரிய மிச்சம் இல்லை. வீட்டு ஆர்.ஓ. பெரும்பாலும் ஒரு லிட்டர் கொடுக்க மூன்று லிட்டரை வெளியே தள்ளும். நாளைக்கு 10 லிட்டருக்கு, வருஷத்தில் 11,000 லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. கேன் வாங்கினால் இந்தக் கழிவு இல்லை என்று நினைக்க வேண்டாம். கேன் தண்ணீரும் பெரும்பாலும் ஆர்.ஓ.தான். பெரிய ஆலையில் கழிவின் பங்கு குறையலாம், ஆனால் அதோடு லாரி டீசலும் பிளாஸ்டிக்கும் சேர்கிறது.

அடுத்தது அடுப்பு. 10 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர, நல்ல பர்னரில் சுமார் 110 கிராம் கேஸ் ஆகும். வருஷத்துக்கு 40 கிலோ, கிட்டத்தட்ட மூன்று சிலிண்டர். சிலிண்டர் 900 ரூபாய் என்றால் 2,500-ஐ ஒட்டி நிற்கும். பலர் பத்து நிமிஷம் கொதிக்கவிடுகிறார்கள், அது வீண். டெல்டா சமவெளி, தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிஷம் ஆனால் போதும். பாத்திரத்தை மூடியே வையுங்கள். மின்சாரக் கெட்டிலில் 10 லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு யூனிட், இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். உங்கள் பில் 450 யூனிட்டுக்கு மேல் ஓடுகிறது என்றால் கெட்டிலைத் தொடாதீர்கள். 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் கட்டணம் ஏறிவிடும்.

கொதிக்கவைத்தும் வயிற்றுப்போக்கு வருகிறதென்றால் காரணம் பெரும்பாலும் ஆறிய பிறகு நடப்பதுதான். குடத்துக்குள் டம்ளரை விட்டு மொண்டால் விரலில் உள்ள கிருமி உள்ளே போய்விடும். குழாய் வைத்த பானையோ நீளக் காம்புக் கரண்டியோ வேண்டும். ஒரு நாளுக்குமேல் வைக்க வேண்டாம். மண்பானை திருச்சிப் பக்கத்து வறண்ட வெயிலில் நன்றாகக் குளிரும். நாகப்பட்டினத்தின் ஈரக்காற்றில் அந்த அளவு எதிர்பார்க்க முடியாது.

புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் யு.வி. வடிகட்டிதான் குழாய்த் தண்ணீர் நன்றாக உள்ள வீட்டுக்கு என் தேர்வு. 7,000 ரூபாய் இயந்திரம், வருஷத்துக்கு ஒரு விளக்கு, படிவு வடிகட்டி, கரி வடிகட்டி என்று மொத்தச் செலவு அடுப்புக் கணக்கை ஒட்டியே வரும். ஒரு சொட்டும் கழிவு இல்லை. ஆனால் கலங்கல் தண்ணீரில் யு.வி. தோற்றுப்போகும், மண் துகளின் நிழலில் கிருமி தப்பித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழாயில் செம்மண் நிறம் வந்தால் முதலில் தெளிய வையுங்கள். குடத்தின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தண்ணீர் ஊற்றும் பழைய வழி இங்கே இன்றும் பயன்படும். ஆனால் அது கலங்கலைப் படியவைக்கும், அவ்வளவே, தெளிந்ததை யு.வி.யில் விடவோ கொதிக்கவைக்கவோ வேண்டும். மின்சாரம் இல்லாத நேரத்துக்கு இரண்டு குடம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் எந்த வழியானாலும் கெடுக்கக்கூடிய ஒன்று உண்டு: தெருக்குழாயில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சுவது. விதிப்படி கூடாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். குழாயில் அழுத்தம் இறங்கினால் விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடையே உள்ளே வந்துவிடும். தண்ணீர் விட்டு விட்டு வரும் ஊர்களில் மோட்டார் இல்லாமலே இது ஓரளவு நடக்கும். அதனால் தண்ணீர் வரத் தொடங்கிய முதல் ஐந்து நிமிஷத்தைப் பாத்திரம் கழுவவும் வாசல் தெளிக்கவும் ஒதுக்குங்கள். குடிக்கப் பிடிப்பது அதற்குப் பிறகு.

கடலோரத்தில் கதை வேறு. குழாய் வராமல் போர் தண்ணீரை மட்டும் நம்பும் வீட்டில் டி.டி.எஸ். ஆயிரத்தைத் தாண்டினால் யு.வி.யும் அடுப்பும் உப்பை எடுக்காது. அங்கே ஆர்.ஓ. நியாயம்தான். கழிவுத் தண்ணீரை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் விடுங்கள். செடிக்கு ஊற்றினால் உப்பு ஏறி இலை நுனி கருகும்.

அதைவிட மலிவான வழி உங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது: மழை. நூறு சதுர மீட்டர் மாடியில் 10 மி.மீ. மழை பெய்தால், சிந்தல் சிதறல் போக, 800 லிட்டர் கிடைக்கும். ஆயிரம் லிட்டர் கறுப்புத் தொட்டி நிரம்பினால், நாளைக்கு 10 லிட்டர் வீதம் நூறு நாள் குடிநீர். முதல் மழையில் தூசியும் பறவை எச்சமும் வரும். ஒவ்வொரு மழையிலும் முதல் 200 லிட்டரைத் திருப்பிவிடும் வால்வு வையுங்கள். பிறகு ஜல்லி, மணல், கரி அடுக்கு வழியாகத் தொட்டிக்கு. நிரம்பியதும் 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம் பிளீச்சிங் பவுடரைச் சிறு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பின் மேல்தெளிவை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். வெயில்பட்ட பழைய பவுடரில் குளோரின் போயிருக்கும். காரமான வாடை இல்லாததை வாங்க வேண்டாம். தொட்டியின் வழிகுழாய்க்குக் கொசுவலை கட்டாவிட்டால் மூன்று மாதமும் டெங்குக் கொசு அதில்தான் வளரும்.