மோலுக்கும் மச்சத்துக்கும் என்ன உறவு? ஒரு சொற்பிறப்பு அகராதியைப் பற்றி

ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரி என்று ஒரு இணையதளம் இருக்கிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து லங்காஸ்டரைச் சேர்ந்த டக்ளஸ் ஹார்ப்பர் தனியாளாகத் தொடங்கியது. காசு கட்ட வேண்டாம். ஒரு ஆங்கிலச் சொல்லை அடித்தால் அது எந்த மொழியிலிருந்து வந்தது, எப்போது எழுத்தில் பதிவானது, அதன் சொந்தபந்தம் யார் யார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடும். நான் ஆங்கில ஆசிரியை இல்லை, மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறவள். எனக்கு எதற்கு இது என்றால், மோல்தான் காரணம்.

பதினொன்றாம் வகுப்பில் முதல் பாடத்திலேயே, பொருளின் அளவைச் சொல்லும் அலகான மோல் வந்துவிடும். "மிஸ், மோல்னா மச்சம்தானே?" என்று யாராவது கேட்பதும், வகுப்பு சிரிப்பதும் வழக்கம். கேள்வி நியாயமானதுதான். பாடநூலில் மூலக்கூறு தமிழில் இருக்கிறது, மோல் மட்டும் மோலாகவே நிற்கிறது. பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த மோலைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இந்த அகராதியில் மோல் என்று தேடினால், ஒரே எழுத்துக்கூட்டலுக்கு ஒன்று, இரண்டு என்று எண் போட்டுத் தனித்தனிப் பதிவுகள் வரும். சாதாரண அகராதியில் ஒரு சொல்லுக்குப் பல பொருள் என்று வரிசையாகக் கொடுப்பார்கள். இங்கே எண் மாறினால் குடும்பமே வேறு என்று அர்த்தம். மச்சத்தைக் குறிக்கும் மோல் பழைய ஆங்கிலத்தது, முதலில் துணியில் படும் கறையைத்தான் குறித்தது. (நம்முடைய மச்சமும் லேசுப்பட்டதல்ல. மீனும் அதுதான், அதிர்ஷ்டமும் அதுதான்.) மண்ணுக்குள் வளை தோண்டும் மோல் என்ற பிராணியின் பெயர், மோல்ட்வார்ப் என்ற பழஞ்சொல்லின் சுருக்கமாக இருக்கலாம். மண்ணை வீசுவது என்று பொருள். எதிரியின் உளவுத்துறைக்குள்ளேயே பல வருடம் பதுங்கியிருக்கும் ஒற்றனும் இந்தப் பிராணியின் கிளைதான். 1974ல் வந்த ஒரு ஆங்கில உளவு நாவலுக்குப் பிறகு அந்தப் பொருள் எல்லோர் வாயிலும் புகுந்தது. மெக்சிகோவில் மிளகாய் அரைத்துச் செய்யும் குழம்பு ஒன்று உண்டு. அது மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்டின் மொல்லி, வெண்ணெய்ப்பழத்தை மசித்துச் செய்யும் குவாக்கமோலேயின் வாலில் இருப்பதும் அதுவே. உச்சரிப்பு மோலே. எழுதினால் நம் மோல்தான்.

மிச்சம் இரண்டு, துறைமுகத்து மோலும் வேதியியல் மோலும். இங்கேதான் இந்தத் தளம் எனக்குப் பிடித்துப்போனது.

துறைமுகத்தில் கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டிக் கட்டும் அலைத் தடுப்புச் சுவருக்கும் மோல் என்றே பெயர். இரண்டாம் உலகப் போரின்போது 1940ல் பிரான்சின் டன்கர்க்கிலிருந்து தப்பிய மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்களில் பெரும்பாலோர் கப்பலேறியது அப்படியொரு மோலிலிருந்துதான். லத்தீனில் மோலெஸ் என்றால் பெரிய திரள், பாரம். மூலக்கூறைக் குறிக்கும் மொலிக்கியூல் பதிவைத் திறந்தால் அங்கும் அதே மோலெஸ். பெருந்திரளுக்கு ஒரு குறுமை விகுதி சேர்த்துச் சிறு திரள் ஆக்கியிருக்கிறார்கள். அதிலிருந்து ஜெர்மன் மொலெக்யூல், அதை வெட்டி வேதியியலாளர் வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட் வைத்த பெயர் மோல். ஆக, மச்சத்துக்கும் நம் மோலுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கருங்கல் சுவர்தான் பங்காளி. டிமாலிஷ் என்ற இடிப்புச் சொல்லும் அதே வம்சம்.

ஓஸ்ட்வால்டைப் பற்றி அகராதியைத் தாண்டி ஒன்று சொல்ல வேண்டும். மோல் என்ற பெயரை வைத்த அந்த மனிதர் அப்போது அணு என்று ஒன்று இருப்பதாகவே ஒப்புக்கொள்ளாதவர். அவருக்கு மோல் என்பது கிராமில் சொல்லும் ஒரு எடை, அவ்வளவுதான். அணு உண்டு என்று காட்டிய பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெரென் முதலியவர்களின் சோதனைகள் வந்தபிறகே, 1909 வாக்கில், மனம் மாறினார். அதே 1909ல் அவருக்கு வேதியியல் நோபலும் கிடைத்தது. இன்று நாம் மோலை எண்ணிக்கையாகவே வரையறுக்கிறோம். 2019லிருந்து ஒரு மோல் என்றால் துல்லியமாக 6.02214076 × 10²³ துகள்கள். எடைக்கென்று பிறந்த சொல் எண்ணிக்கைக்கு வாக்கப்பட்டுவிட்டது. இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

சரி, குறை? உச்சரிப்பைக் கேட்டுப் பார்க்க இது உதவாது. ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதி ஒவ்வொரு பொருளுக்கும் காலவாரியாக மேற்கோள் வாக்கியங்களைக் கொடுக்கும். அதை முழுசாகப் படிக்கச் சந்தா வேண்டும். இங்கே ஒரு பத்தியோடு முடிந்துவிடும், சான்று வாக்கியத்தை எதிர்பார்க்காதீர்கள். சுருக்கக் குறிகளும் முதலில் கொஞ்சம் மிரட்டும். 14சி என்றால் பதினான்காம் நூற்றாண்டு, அதாவது 1300கள். அது சொல் பிறந்த வருடம் அல்ல, கிடைத்தவற்றில் பழைய எழுத்துப் பதிவு. சொல்லுக்கு முன்னால் உடுக்குறி (*) இருந்தால் அந்த வடிவம் எந்த ஏட்டிலும் இல்லாதது, மொழியியலாளர்கள் ஊகித்துக் கட்டியது. இது தெரியாமல் பார்த்தால் ஊகத்தையும் ஆதாரத்தையும் ஒன்றாக்கிவிடுவோம்.

நம்ம ஊர் சரக்கை எப்படிக் காட்டுகிறது என்றும் பார்த்தேன். கட்டமரான் தமிழின் கட்டுமரம் என்று ஒழுங்காகப் பிரித்துச் சொல்கிறது. பெருச்சாளியைக் குறிக்கும் பேண்டிகூட், தெலுங்கின் பந்திகொக்கு, பன்றியெலி என்கிறது. இரண்டும் சரி. ஆனால் தமிழுக்குள் அந்தச் சொல் எப்படி வளர்ந்தது என்பதெல்லாம் இங்கே கிடைக்காது, அதற்கு நம் தமிழ்ப் பேரகராதியைத்தான் புரட்ட வேண்டும்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அறிவியல் எடுக்கிற ஆசிரியர்கள் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொள்ளலாம். முதலில் மோலார் என்று தேடிப் பாருங்கள். கரைசலுக்கு நாம் சொல்லும் மோலார் மேலே சொன்ன திரள் வம்சம். கடைவாய்ப் பல்லுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் மோலார், மாவரைக்கும் திருகைக் கல்லான லத்தீன் மோலாவிலிருந்து வந்தது.