கேம்பர் வேனுக்கு எட்டு ரிலே போர்டு: வாங்கலாம், அப்படியே மாட்டக்கூடாது

ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள குட்டிக் கணினிச் சில்லும், எட்டு ரிலேக்களும் (சில்லு இயக்கும் ஸ்விட்சுகள்) பதித்த போர்டு ஒன்றை இணையத்தில் 25 சிங்கப்பூர் வெள்ளிக்குள் வாங்கினேன். ஜொகூர் பாருவில் இருக்கும் என் அண்ணனின் பழைய ஹையேஸ் வேனுக்காக. பிள்ளைகளோடு கேமரன் மலைக்குப் போய்த் தங்கி வர, படுக்கை, சிங்க், குட்டி ஃபிரிட்ஜ் என்று பின்பக்கத்தை அவரே தச்சு வேலை செய்து மாற்றியிருக்கிறார். மின்சாரம் மட்டும் என் பொறுப்பு. நான் வேலையிடத்தில் கட்டுப்பாட்டுப் பேனல்களுக்கு ஒயரிங் செய்கிறவன். அந்தக் கண்ணோடு பார்த்துச் சொல்கிறேன்: இந்தக் காசுக்கு இது மிக நல்ல பொருள். ஆனால் உறையிலிருந்து எடுத்து நேராக வேனில் மாட்டுகிற பொருள் இல்லை.

முதலில் பிடித்ததைச் சொல்கிறேன். வண்டி மின்சாரத்தை 12 வோல்ட் என்கிறோம், ஆனால் சார்ஜ் ஏறும்போது அது 14.4 வோல்ட்டைத் தொடும். இந்த போர்டு 7 முதல் 30 வோல்ட் வரை நேராக ஏற்கிறது, தனியாக ஒரு கன்வர்ட்டர் தேட வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், ஒவ்வொரு ரிலேயின் மூன்று முனைகளையும் திருகு முனையமாக வெளியே கொடுத்திருக்கிறார்கள். நான் வாங்கியதற்கே அதுதான் காரணம்.

ஏன் என்றால், அண்ணி ஆரம்பத்திலேயே ஒரு நிபந்தனை போட்டார்: "ராத்திரி இருட்டுல ஃபோனைத் தேடி எடுத்து லைட் போடச் சொன்னா, இதெல்லாம் எனக்கு வேணாம் தம்பி." நியாயமான பேச்சு. மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒரு ஸ்விட்சும் மேலே ஒரு ஸ்விட்சும் இருக்குமே, அந்த டூ-வே இணைப்பில் ஒரு ஸ்விட்சுக்குப் பதிலாக ரிலேயை வைத்தேன். சுவரில் இருக்கும் இன்னொன்று சாதாரண டூ-வே ஸ்விட்ச். ஃபோனிலிருந்தும் போடலாம், சுவரிலிருந்தும் அணைக்கலாம். போர்டு செத்துப்போனாலும் ரிலே தன் ஓய்வு நிலைக்குத் திரும்பும், சுவர் ஸ்விட்ச் வழக்கம்போல வேலை செய்யும். இதில் ஒரு குறை உண்டு: ரிலே எந்தப் பக்கம் நிற்கிறது என்று போர்டுக்குத் தெரியும், விளக்கு எரிகிறதா என்று தெரியாது. அதற்கு விளக்கு ஒயரில் இருக்கும் வோல்டேஜை இரண்டு ரெசிஸ்டர்களால் 3.3 வோல்ட்டுக்குள் குறைத்து சில்லின் ஓர் உள்ளீட்டுக் காலில் கொடுக்க வேண்டும். வேனில் தூங்கப்போகிறவர்களுக்கு இந்த இணைப்பை நான் அழுத்திச் சொல்வேன். சில்லு நின்றால் இருட்டில் உட்கார வைக்கும் எந்த அமைப்பும் வேண்டாம்.

அடுத்து, ரிலே மேல் அச்சிட்டிருக்கும் 10 ஆம்பியர். 250 வோல்ட் ஏசிக்கும் (வீட்டு மின்சாரம்) 10, 30 வோல்ட் டிசிக்கும் (பேட்டரி மின்சாரம்) அதே 10. ஏசி ஒரு நொடிக்குள் பல முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால் ரிலே முனை பிரியும்போது எழும் தீப்பொறி தானாக அணையும். டிசியில் அப்படி இல்லை. அதனால்தான் டிசிக்கு வோல்டேஜ் வரம்பு அவ்வளவு குறைவு. விளக்கு, மேற்கூரை விசிறி, யூஎஸ்பி சாக்கெட் எல்லாம் இதில் தாராளமாக ஓடும். தண்ணீர் பம்பை நேராக மாட்டாதீர்கள். மோட்டார் கிளம்பும் கணத்தில் பல மடங்கு இழுக்கும். முனை ஒட்டிக்கொண்டால் பம்ப் நிற்காமல் ஓடும். கார்களில் வரும் 30 ஆம்பியர் ரிலே ஒன்றை வாங்கி, அதன் காயிலுக்கான (ரிலேயை இழுக்கும் சுருள்) 85, 86 எண் கால்களை மட்டும் இந்த போர்டு இயக்கட்டும். பம்ப் மின்சாரம் 30, 87 எண் கால்கள் வழியே போகட்டும். அணைக்கும்போது மோட்டார் கிளப்பும் வோல்டேஜ் துள்ளலை அடக்க, பம்ப் முனைகளுக்குக் குறுக்கே ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்), கோடு போட்ட பக்கம் பாசிட்டிவில். ஃபிரிட்ஜை நான் இந்த போர்டுக்குக் கொண்டுவரவே இல்லை, ஃபியூஸ் வழியாக நேராக பேட்டரிக்குப் போகிறது. போர்டில் ஃபியூஸ் எதுவும் கிடையாது என்பதால் ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனி பிளேடு ஃபியூஸ் வைத்தாக வேண்டும். என் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர்களுக்கு 10 ஆம்பியர் போட்டிருக்கிறேன்.

வேன் வாரக்கணக்கில் சும்மா நிற்கும் என்றால் இதையும் கணக்குப் பாருங்கள். வைஃபை ஓடும் நிலையில் போர்டு 12 வோல்ட்டில் சுமார் 40 மில்லிஆம்பியர் எடுக்கிறது. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 1 ஆம்பியர்-மணி, ஒரு மாதத்துக்கு 29. நூறு ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது என்று நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை. இழுத்துப் பிடித்திருக்கும் ஒவ்வொரு ரிலேவும் காயிலுக்காக இன்னொரு 35 மில்லிஆம்பியர் அளவுக்குச் சேர்க்கும். அதனால் பேட்டரி பக்கத்திலேயே ஒரு மெயின் ஸ்விட்ச்.

போர்டில் யூஎஸ்பி வாய் இல்லை. புரோகிராம் ஏற்ற, கணினியோடு இணைக்கும் சீரியல் அடாப்டர் தனியாக வேண்டும். விற்ற இணையக் கடை கால்களின் வரைபடம்கூடத் தரவில்லை, மல்டிமீட்டர் வைத்து நானே கண்டுபிடித்தேன். ஆறாவது ரிலே சில்லின் ஜிபிஐஓ 14 என்ற காலில் இருக்கிறது. சில்லு உயிர் பெறும்போது அந்தக் கால் கொஞ்சம் துடிக்கும், ரிலே ஒரு முறை டக்கென்று அடிக்கும். அங்கே வெளி விளக்கைக் கொடுத்துவிட்டேன். 34 முதல் 39 வரையிலான கால்கள் உள்ளீட்டுக்கு மட்டும், உள்ளே புல்-அப் (பொத்தான் அழுத்தாதபோது காலை 3.3 வோல்ட்டில் பிடித்துவைக்கும் ரெசிஸ்டர்) கிடையாது. அழுத்து பொத்தான் வைத்தால் 10 கிலோஓம் ரெசிஸ்டர் வெளியே போடுங்கள்.

இந்தச் சில்லறைச் சாமான்களுக்கெல்லாம் சிங்கப்பூர் ஜாலான் புசாரில் இருக்கும் சிம் லிம் டவருக்குப் போங்கள். கணினி விற்கும் சிம் லிம் ஸ்குவேர் இல்லை, அது வேறு கட்டடம். ஒரு டயோடு, இரண்டு ஃபெரூல் (ஒயர் நுனியில் மாட்டி நசுக்கும் உலோகக் குழாய்) என்றாலும் முகம் சுளிக்காமல் எடுத்துத் தருவார்கள். நான் போன கடையில் இருந்த அங்கிள், என்ன லோடு என்று கேட்டுவிட்டுத்தான் ரிலேயையே எடுத்தார். விளக்கை மங்கலாக்க மாஸ்ஃபெட் (அசையும் பாகமில்லாத மின்னணு ஸ்விட்ச்) வேண்டும் என்றதும் ஐஆர்எஃப்520-ஐ ஒதுக்கிவிட்டு ஐஆர்எல்இசட்44என் கொடுத்தார். முன்னது இந்தச் சில்லு தரும் 3.3 வோல்ட்டில் முழுதாகத் திறக்காது, சூடாகும். இணையத்தில் யார் இப்படிப் பார்த்துக் கொடுக்கிறார்கள்? 2017 ஜூலையில் சுங்கை ரோடு பழஞ்சாமான் சந்தை மூடப்பட்ட பிறகு, அந்த வட்டாரத்தில் கையில் எடுத்துப் பார்த்து உதிரிபாகம் வாங்க எனக்கு இருப்பது இந்தக் கட்டடம்தான். இது நீடிக்க வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன்.

ஃபெரூல் ஏன் என்றால், வண்டி குலுங்கும்போது வெறும் ஒயர் திருகு முனையத்திலிருந்து மெல்லத் தளரும். எல்லா முனைக்கும் ஃபெரூல் அடித்து, எண் வளையம் போட்டேன்.

மென்பொருளுக்கு ஈஎஸ்பிஹோம். இலவசம், இணையத் தொடர்பு தேவையில்லை. போர்டே ஒரு வைஃபையை உண்டாக்கி, ஃபோன் உலாவியில் பொத்தான்களைக் காட்டும். பம்ப் மூன்று நிமிடத்தில் தானாக நிற்கும்படியும், பவர் வந்தவுடன் எல்லா ரிலேயும் ஓய்வு நிலையிலேயே இருக்கும்படியும் எழுதியிருக்கிறேன்.

விலை இவ்வளவு குறைவு என்பதால் இன்னொரு போர்டும் வாங்கி, அதே புரோகிராமை ஏற்றி, வேனின் டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கிறேன். ஒயர்களில் எண் இருப்பதால் அண்ணனே ஒரு ஸ்குரூடிரைவரோடு மாற்றிவிடலாம். முதலில் மெயின் ஸ்விட்சை அணைக்கவும் என்று உறை மேல் பெரிதாக எழுதியிருக்கிறேன்.