ஓவர்க்ளொக் என்று சொல்லி விற்ற ஏ320 போட்: வன்னியில் கொம்பியூட்டர் வாங்குகிறவர்கள் கவனம்

குறைந்த காசில் ஓவர்க்ளொக் செய்யக்கூடிய, அதாவது புரொசசரை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஏற்றி ஓட்டக்கூடிய, கொம்பியூட்டர் கட்டித் தருகிறோம் என்று கடைக்காரர் சொன்னால், புரொசசர் என்ன என்று கேட்டதோடு நின்றுவிடாதீர்கள். மதர்போட்டின் முழுப் பெயரையும் கேளுங்கள், அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

நான் புதுக்குடியிருப்பில் கலியாண வீடியோ, பிறந்தநாள் வீடியோ எடிட் செய்கிறவன். பெரிய பட்ஜெட் இல்லை, தனியாக கிராஃபிக்ஸ் கார்ட் வாங்க வழியில்லை, அதனால் உள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ள ரைசன் 3 3200ஜி புரொசசர் எடுப்பதென்று முடிவு செய்துகொண்டுதான் ஒட்டுசுட்டான், மாங்குளம் தாண்டி வவுனியாவுக்குப் போனேன். கடையில் இருந்தவர் நன்றாகக் கதைத்தார். "தம்பி, இன்டெல் என்றால் கே எழுத்துப் போட்டதுதான் வேணும், விலை கூட. இது ரைசன், எல்லாமே அன்லொக். நாங்களே 4 கிகாஹேர்ட்ஸுக்கு ஏத்தித் தாறம்" என்றார். அதற்குத் தனியாக 6,500 ரூபாய். மேசையில் வைத்து டாஸ்க் மனேஜரைத் திறந்து 4.0 என்று ஓடுவதையும் காட்டினார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது. ரைசன் சில்லுகள் பெரும்பாலும் மல்டிபிளையர், அதாவது வேகத்தைத் தீர்மானிக்கிற பெருக்கல் எண், பூட்டப்படாமல்தான் வருகின்றன. ஆனால் அந்தப் பூட்டு திறந்திருப்பதைப் பயன்படுத்த விடுவது போட்டில் உள்ள சிப்செட் என்ற கட்டுப்பாட்டுச் சில்லு. இந்த ரைசன் பொருந்துகிற ஏஎம்4 சொக்கெட்டில் பி350, பி450, பி550, அப்புறம் எக்ஸ் வரிசை என்றால் விடும். ஏ320, ஏ520 இரண்டிலும் ரைசனைச் செய்கிற ஏஎம்டி அந்த வசதியைக் கொடுக்கவில்லை. எனக்குப் பொருத்தித் தந்தது ஏ320.

சரி, அப்படியென்றால் திரையில் தெரிந்த 4.0 எங்கிருந்து வந்தது? அது 3200ஜி பெட்டியிலிருந்து எடுத்த உடனேயே தானாகத் தொடுகிற பூஸ்ட் வேகம். அடிப்படை 3.6, பூஸ்ட் 4.0 என்று ஏஎம்டியே போட்டிருக்கிறது. வேலை எதுவும் இல்லாத விண்டோஸில் ஒரு ஜன்னலைத் திறந்து மூடினால் போதும், அந்த எண் ஒரு கணம் எட்டிப் பார்க்கும். சில்லு பிறந்ததிலிருந்தே செய்துகொண்டிருக்கிற வேலைக்கு என்னிடம் கூலி வாங்கியிருக்கிறார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, எடிட் செய்த வீடியோவை முழுப் படமாக்க ரெண்டர் போட்டதும் விஷயம் வெளித்தது. மத்தியான வெக்கையில், தகரக் கூரைக்குக் கீழே, வெப்பநிலை 95 பாகையைத் தொட்டது. இந்தச் சில்லுக்கு அதுதான் மேல் எல்லை, அங்கே போனதும் தன்னைக் காப்பாற்ற வேகத்தைத் தானே குறைத்துவிடும். ஓவர்க்ளொக் செய்த மெஷின் என்று வாங்கியது 3.6க்கும் கீழே இறங்கி ஓடியது. பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால், 3200ஜியோடு பெட்டியில் வருகிற வட்டமான ரெய்த் ஸ்டெல்த் கூலர் அங்கே இல்லை, பெயர் ஊர் இல்லாத ஒரு சின்ன அலுமினியத் துண்டின் மேல் விசிறி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. நல்லதை எடுத்து வேறு யாருக்கோ விற்றிருப்பார்கள். ராமும் 8 ஜிபி ஒற்றைத் துண்டு. உள் கிராஃபிக்ஸ் தனக்கென்று நினைவகம் இல்லாமல் ராமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது, இரண்டு துண்டு என்றால் ராமுக்கு இரண்டு பாதை கிடைக்கும், அதனால் 4 ஜிபி இரண்டாகப் போட்டிருந்தால் ஓவர்க்ளொக் எதுவும் இல்லாமலேயே கேமிலும் டைம்லைனிலும் வித்தியாசம் தெரிந்திருக்கும்.

எனக்கு மிகவும் ஆத்திரம் வந்தது இன்னொரு விஷயத்துக்கு. போட்டில் மொடல் பெயர் அச்சடித்திருக்கும் இடத்துக்கு மேலேயே, கச்சிதமாக, கடையின் வோரன்டி ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள். உரித்துப் பார்த்தால் வோரன்டி போய்விடும், உரிக்காவிட்டால் என்ன போட் என்று தெரியாது. ஸ்டிக்கரைத் தொடாமலே சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டு மெயின்போட் பக்கத்தைப் பார்த்தேன், அங்கே ஏ320 என்று எழுதியிருந்தது. கடையிலேயே காசு கொடுக்கும் முன் இதை ஓடவிட்டுக் காட்டச் சொல்லலாம், இரண்டு நிமிஷ வேலை, மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

திரும்பக் கொண்டுபோனபோது "தம்பி" எல்லாம் போய்விட்டது. பக்கத் தகட்டைக் கழற்றியதால் பொறுப்பில்லை என்றார்கள். ஓவர்க்ளொக் காசைக் கேட்டால், "4.0 ஓடினதை நீங்களே பார்த்தனீங்கள்தானே" என்று பதில். பில்லில் "கேமிங் பிசி - 1" என்று மட்டும் இருந்தது, போட் பெயரும் இல்லை, கூலரும் இல்லை. நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம், எழுத்திலும் முறைப்பாடு கொடுக்கலாம், நான் கொடுத்திருக்கிறேன். ஆனால் என்ன தருவதாகச் சொன்னார்கள் என்பதைக் காட்டப் பில்லில் ஒரு வரியும் இல்லாதபோது அந்த முறைப்பாடு எவ்வளவு மெலிந்து போகிறது என்பதை எழுதும்போதே உணர்ந்தேன்.

இன்டெல் பக்கம் போகிறவர்களுக்கும் இதே கதைதான், எழுத்துகள்தான் வேறு. 2014இல் பென்டியம் ஜி3258 என்று மலிவான, பூட்டில்லாத ஒன்றை இன்டெல் விட்டது. அதன் பேரைச் சொல்லி இன்றும் "பென்டியம் என்றால் ஏத்தலாம்" என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த பென்டியங்களை அப்படி ஏற்ற முடியாது. கோர் ஐ வரிசையில் கே இல்லாததை, இன்டெலுக்கான எச் அல்லது பி போட்டில் போட்டு, ஓவர்க்ளொக் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கே சில்லும் இசட் போட்டும் சேர்ந்தால்தான் மல்டிபிளையரில் கை வைக்கலாம். கடைசியில் எஃப் என்று இருந்தால் வேகம் கூட என்று அர்த்தமில்லை, உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். அதை வாங்கி, கார்ட் இல்லாமல் திரையில் படம் வரவில்லை என்று அலைந்த ஒரு பெடியனை எனக்குத் தெரியும். ரீகண்டிஷன் மெஷின்களில் "ஐ5" என்று பெரிதாக எழுதியிருப்பதும் சிலவேளை 2011ஆம் ஆண்டு வந்த ஐ5 2400ஆக இருக்கும். வேலை செய்யும், ஆனால் அதற்கும் ஓவர்க்ளொக்குக்கும் சம்பந்தமில்லை.

உண்மையில் எங்கள் பக்கத்து வெக்கைக்கும் தூசுக்கும், திடீரென்று இறங்கி ஏறும் கரண்டுக்கும், இந்த வகைச் சில்லை ஏற்றி ஓடவிடுவதில் கிடைக்கிற லாபம் சின்னது. ஓவர்க்ளொக்கால் பழுதானால் ஏஎம்டியின் வோரன்டியும் கைகொடுக்காது. ஏற்றத்தான் போகிறீர்கள் என்றால் முதலில் நல்ல கூலருக்குக் காசு வையுங்கள், அப்புறம் பி450, அதிலும் சொக்கெட்டுக்குப் பக்கத்தில் மின்சாரம் பிரிக்கிற பாகங்களுக்கு மேல் ஹீட்சிங்க், அதாவது வெப்பத்தை இழுக்கிற உலோகத் துண்டு, உள்ளதாகப் பாருங்கள். மலிவு போட்களில் அது மொட்டையாக இருக்கும், கை வைத்தால் சுடும்.

நான் இப்போது பாவித்த பி450 ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டிருக்கிறேன், ராமும் இரண்டு துண்டு. பழைய ஏ320 போட் விற்பனைக்கு இருக்கிறது. கணக்கு எழுத, பிள்ளைகள் படிக்க, கடையில் பில் போட நல்ல போட். ஓவர்க்ளொக் செய்யாது.