ஆங்கிலேயர் காலத்துச் செதுக்கு வேலையா, ஐம்பதுகளின் எளிய தேக்கா: யாங்கூன் வீட்டுக்கு எந்தப் பழைய மரச்சாமான் ஏற்றது?

யாங்கூனில் பழைய மரச்சாமான் வாங்கப் புறப்படுபவர் பெரும்பாலும் மூன்று வகைகளுக்கு நடுவே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. முதலாவது, 1942இல் ஜப்பானியர் ரங்கூனை, அதாவது இன்றைய யாங்கூனைப் பிடிப்பதற்கு முன்பு ஆங்கிலேயர் காலத்தில் செய்யப்பட்ட, செதுக்கு வேலை மிகுந்த தேக்குச் சாமான். இரண்டாவது, விடுதலைக்குப் பின் 1950களிலும் 60களிலும் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் செய்யப்பட்ட, அலங்காரம் குறைந்த மேசை, நாற்காலி, அலமாரி. மூன்றாவது, இடிக்கப்பட்ட மர வீடுகளின் உத்தரங்களையும் பலகைகளையும் அறுத்து இன்றைக்குச் செய்து, பழையது போன்ற தோற்றம் கொடுத்து விற்கப்படுவது. அன்றாடம் புழங்கும் வீட்டுக்கு இரண்டாம் வகையே மேலானது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் முதல் வகையைத் தேடுவோரே அதிகம் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

மடாலயங்களையும் மரக்கோயில்களையும் அலங்கரித்துப் பழகிய பர்மியச் சிற்பிகள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயருக்காகத் தேக்கில் மேசைகளும் நாற்காலிகளும் மறைப்புத் தட்டிகளும் செதுக்கினார்கள். சிங்க உருவங்களும் தேவதைகளும் பின்னிப் பிணைந்த கொடிகளும் மரத்திலிருந்து விரல் ஆழத்துக்கு எழுந்து நிற்கும் அந்த வேலையைப் பார்த்து மயங்காதவர் குறைவு. அது கலையாகப் போற்றத்தக்கது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் இந்த நகரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி மே முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. ஆழமான செதுக்கலின் இடுக்குகளில் தங்கும் தூசு அந்த ஈரத்தை உறிஞ்சி, பூஞ்சணம் பிடிக்க இடம் கொடுக்கிறது. துணியால் துடைத்தால் போகாது. மென்மையான தூரிகை கொண்டு இடுக்கு இடுக்காகத் தட்டி எடுக்க வேண்டும். ஒரு கொடியின் நுனி உடைந்தால் அதே கைப்பாங்கில் செதுக்கித் தருபவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். முதுகுப் பலகை முழுவதும் உருவங்கள் எழுந்து நிற்கும் நாற்காலியில் சாய்ந்து உட்காரவும் முடியாது. ஆகவே இவ்வகையில் ஒன்று வேண்டுமென்றால், உட்காரவும் சாப்பிடவும் பயன்படாத கண்ணாடிச் சட்டத்தையோ மறைப்புத் தட்டியையோ தேர்ந்தெடுத்து, அதற்கு வரவேற்பறையில் நல்ல இடம் கொடுப்பதே முறை. காரைக்குடியிலோ சென்னையிலோ இருக்கும் உறவினருக்குப் பின்னாளில் அனுப்பலாம் என்று எண்ணி வாங்குபவர்கள், நூறாண்டு கடந்த பொருள்களைத் தொல்பொருளாகக் கொண்டு அவற்றை அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியே கொண்டு செல்வதைத் தடுக்கும் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டாம் வகைச் சாமான்களுக்கு நம்மவர்களோடு நெருங்கிய உறவு உண்டு. 1963இல் வங்கிகளும் 1964இல் கடைகளும் தேசியமயமாக்கப்பட்ட பிறகு கப்பலேறிய தமிழ்க் குடும்பங்கள் நகையையும் பணத்தையுமே கொண்டு போக முடியாத நிலையில், மேசையையும் அலமாரியையும் எப்படிக் கொண்டு போயிருக்க முடியும்? அவர்கள் விட்டுச் சென்றவை அண்டை வீடுகளுக்கும் கடைகளுக்கும் கைமாறி, இன்றும் இந்த ஊரில்தான் புழங்குகின்றன. அந்த உணர்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டு, பொருளின் தரத்தை மட்டும் பார்த்தாலும் இவையே முன்னிற்கின்றன.

இவ்வகை எழுத்து மேசை ஒன்றின் இழுப்பறையை முழுவதுமாக வெளியே இழுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில் ஆணி இருக்காது. புறாவின் வால் போல் விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும். அந்தப் பற்களின் அகலம் ஒன்றுக்கொன்று சற்றே மாறுபட்டிருந்தால் அது கையால் வெட்டியது. அடிப்பலகை பக்கப்பலகைகளில் தோண்டிய பள்ளத்தில் செருகப்பட்டு, மழையில் விரியவும் கோடையில் சுருங்கவும் இடம் விட்டிருக்கும். பக்கப்பலகையின் கீழ்விளிம்பு பின்பக்கம் அதிகமாகவும் முன்பக்கம் குறைவாகவும் தேய்ந்திருந்தால், ஆண்டுக்கணக்கில் இழுத்து மூடப்பட்டதற்கு அதுவே சான்று. உள்பக்கத்தில் பாலிஷ் பூசாமல் மரம் வெறுமையாக இருப்பது குறையல்ல. உள்ளும் புறமும் ஒரே நிறத்தில் சாயம் ஏறியிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். மேசைக்கால் குறுக்குச் சட்டத்தோடு சேரும் இடத்தில் கழுந்தும் (செருகும் மரமுனை) அதன் துளையும் சிதையாமல் இருந்தால், ஆட்டம் கண்ட மேசையைக்கூட ஒரு நல்ல தச்சர் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, மறுபடி ஒட்டிச் சீராக்கிவிடுவார். அப்படிப் பிரித்துச் சேர்க்க முடிவதுதான் இவற்றின் பெரிய பலம். தேக்கில் எண்ணெய்ப்பசை இருப்பதால், ஒட்டும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்த பிறகே பசை தடவ வேண்டும் என்பதைத் தச்சருக்கு நினைவூட்டுவது நல்லது.

பழைய ரங்கூனின் மொகல் தெருவில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகளில் தரையில் அமர்ந்து கணக்கெழுதப் பயன்பட்ட, சாய்ந்த மூடியுள்ள சிறு மேசைப்பெட்டிகளைத் தனியே குறிப்பிட வேண்டும். காலம் பார்த்தால் முதல் வகை, எளிமையைப் பார்த்தால் இரண்டாம் வகை. இடம் குறைந்த அடுக்குமாடி வீட்டில் தரையில் உட்கார்ந்து எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது. கால் இல்லாத பெட்டி என்பதால் தரையின் ஈரம் ஏறாமல் அடியில் இரண்டு மரச்சட்டம் வைத்தால் போதும்.

மூன்றாம் வகையை நான் முழுமையாகத் தள்ளிவிடவில்லை. பழைய வீட்டு உத்தரம் என்பது இயற்கைக் காட்டில் மெல்ல வளர்ந்து, அடிமரத்தைச் சுற்றி வளையமாக வெட்டி, நின்ற நிலையிலேயே சில ஆண்டுகள் காயவிட்ட பின் வீழ்த்தி, ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்த தேக்காக இருக்க வாய்ப்பு அதிகம்; பல பத்தாண்டுகள் கூரையின் கீழ் உலர்ந்தும் இருக்கிறது. அதைப் புதிய மேசை என்று சொல்லிப் புதிய மேசையின் விலைக்கு விற்றால் தாராளமாக வாங்கலாம். தொல்பொருள் விலை கேட்கும்போதுதான் கவனம் தேவை. மேற்பலகையில் மேசைக்குச் சம்பந்தமில்லாத இடங்களில் ஆணித்துளைகள் மரத்தூளும் பசையும் கொண்டு அடைக்கப்பட்டிருப்பதும், கையோ காலோ படாத இடத்தில் தேய்மானம் இருப்பதும் அடையாளங்கள். கூட்டல்குறி போன்ற தலையுள்ள திருகாணிக்கு 1936இல்தான் காப்புரிமை வழங்கப்பட்டது. அது மட்டுமே பூட்டியிருக்கும் மேசையை 1910இல் செய்தது என்றால் நம்புவதற்கில்லை. ஆனால் வெளிநாட்டவர் சொல்லும் சில சோதனைகள் இங்கே செல்லுபடியாகா. கையால் இழைத்த தடம் இருப்பது பழமைக்குச் சான்றல்ல, ஏனெனில் இந்த நாட்டில் கைவேலை நின்றுபோகவே இல்லை. வட்ட மேசை காலப்போக்கில் சற்று நீள்வட்டமாகும் என்பதும் தேக்குக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அது மிகக் குறைவாகச் சுருங்கும் மரம்.

தேக்கா, படாக் என்னும் செந்நிற மரமா என்ற கேள்வியும் அடிக்கடி எழுகிறது. ஒரு கன மீட்டர் தேக்கு சுமார் 650 கிலோ எடை. படாக் 800 கிலோவைத் தாண்டும். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் செங்குத்தான, குறுகிய படிக்கட்டில் ஐந்தாம் மாடிக்கு ஒரு படாக் அலமாரியை ஏற்றச் சொல்லும் முன் சுமப்பவர்களின் தோள்களை நினைத்துப் பார்க்க வேண்டும். உறுதியிலும் செந்நிற அழகிலும் படாக் முந்துகிறது, கீழ்த்தளத்தில் குடியிருப்போருக்கு அது சிறந்த தேர்வு. மாடி வீட்டுக்குத் தேக்குதான். தேக்கிலும் வைரப்பகுதியை மட்டுமே கறையான் எளிதில் தீண்டாது; வெளிறிய வெளிமரம் கலந்திருந்தால் வண்டு துளைக்கும். அலமாரியின் பின்பலகையிலும் இழுப்பறையின் அடியிலும்தான் அத்தகைய மரத்தை ஒளித்து வைப்பார்கள். மாவு போன்ற தூள் உதிர்கிறதா என்று அங்கே பார்க்க வேண்டும்.

மேற்பூச்சைப் பொறுத்தவரை, மறைவான ஓரிடத்தில் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை வைத்தால் அரக்குப் பாலிஷ் இளகிப் பிசுபிசுக்கும், பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பூச்சு அசையாது. அரக்கில் சூடான தேநீர்க் கோப்பை வெள்ளை வளையம் விடும். ஆனால் அந்த வளையத்தைப் போக்கி மேலே மீண்டும் பூசிக்கொள்ளலாம். பாலியூரித்தேன் உரிந்தால் முழுவதையும் சுரண்டியாக வேண்டும். நான் அரக்கையே விரும்புகிறேன்.

எல்லாவற்றிலும் ஐம்பதுகளின் தேக்கை முன்வைக்கும் நான், கட்டிலில் மட்டும் மூன்றாம் வகைக்கு வாக்களிப்பேன். கொசுவலைக் கம்பங்களோடு கூடிய பழைய கட்டில்கள் பார்வைக்கு அழகானவை என்றாலும், அவற்றின் நீள அகலங்கள் இன்றைய மெத்தைகளோடு பொருந்துவது அரிது. சட்டத்தை வெட்டி ஒட்டினால் பழைய கட்டிலும் கெடும், உறுதியும் போகும். மெத்தையின் அளவைத் தச்சரிடம் கொடுத்து, பழைய உத்தரத் தேக்கில், கழுந்து வைத்து, நான்கு மூலையிலும் கொசுவலைக்குக் கம்பம் நிறுத்திச் செய்யச் சொல்லுங்கள்.