கடல்பாசித் தூள்: கொதிக்க வைத்தால் மட்டும் நான்கு ஸ்டார்

நோன்புக்கு ஜெல்லி செய்ய எப்போதும் இழைக் கடல்பாசிதான் (அகர் அகர், சைனா கிராஸ் என்பார்களே, அது), இந்த முறை ஆன்லைனில் தூள் பாக்கெட் வாங்கினேன், பெயர் வேண்டாம். "வெந்நீரில் கலக்கினால் போதும்" என்று அச்சடித்திருந்ததை நம்பி ரோஸ் மில்க் ஜெல்லி செய்தேன். அடியில் மணல் மாதிரி தூள், மேலே வெறும் ரோஸ் மில்க்.

அடுத்த நாள் அரை லிட்டருக்கு 4 கிராம் போட்டு இரண்டு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டேன். இதிலுள்ள அகரோஸ் என்ற நீளமான சர்க்கரைச் சங்கிலிகள் நன்றாகக் கொதித்தால்தான் பிரியும், ஆறும்போது இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு, அந்த முறுக்குகள் கட்டுக்கட்டாக ஒட்டி வலையாகித் தண்ணீரைப் பிடித்துவைக்கும். 35-40 டிகிரியிலேயே உறைந்துவிட்டது, ஃப்ரிட்ஜே தேவைப்படவில்லை. ஒருமுறை உறைந்தால் சுமார் 85 டிகிரி வரை உருகாது, சென்னை வெயிலெல்லாம் சும்மா. ஜெலட்டின் புரதம், அதன் பிடி இளகலானது, வாயில் கரையும். இது கரையாது, கத்தியால் வெட்டினால் சதுரம் சதுரமாக நிற்கும், கடித்தால் நறுக்கென்று உடையும்.

எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கொதிக்க வைக்காதீர்கள், புளிப்பு சங்கிலியை வெட்டிவிடும், எனக்குக் கொழகொழவென்றே நின்றது. இறக்கிய பிறகு ஊற்றுங்கள். பாக்கெட்டில் ஜிப் இல்லை, அது வேறு எரிச்சல்.