ஊதாவும் ஆரஞ்சும் எத்தனை நாள்? வெளிநாட்டு மரக் கடைசல் பொருள்களின் நிறம், சில வருஷப் பயன்பாட்டுக்குப் பின்

கடையில் பர்ப்பிள்ஹார்ட், படாக், ஓசேஜ் ஆரஞ்சு கட்டைகளைப் பார்த்தால் கை தானாகப் பர்ஸுக்குப் போகும். ஊதா, செவ்வாரஞ்சு, பளிச் மஞ்சள். கிண்ணமாகவோ பூச்சாடியாகவோ கடைந்து ஜன்னலோர அலமாரியில் வைத்தால், சில வருஷத்தில் மூன்றும் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான்: பழுப்பு. பழுப்பிலும் அழகு உண்டு. நிறத்துக்காகவே காசு கொடுத்தவருக்குத்தான் வயிற்றெரிச்சல்.

காரணம் வெளிச்சமும் காற்றும். மரத்தின் நடுவிலிருக்கும் வைரப்பகுதிக்கு நிறம் தருகிற சாயப்பொருள்களும், மரத்தின் நாரைப் பிணைத்து வைக்கும் லிக்னினும் புற ஊதாக் கதிரை (யுவி) உறிஞ்சிச் சிதைகின்றன. கூடவே ஆக்சிஜன் சேர்ந்துகொள்கிறது. ஜன்னல் கண்ணாடி காப்பாற்றும் என்று நம்பவேண்டாம். யுவி-பி கதிரை அது நிறுத்திவிடும், யுவி-ஏ பெரும்பகுதி உள்ளே வந்துவிடும், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் தன் பங்குக்கு வேலை செய்யும். ஆறுதலான விஷயம், பாதிப்பு மேலோட்டமானது. புற ஊதாக் கதிர் மரத்துக்குள் 0.1 மி.மீ. ஆழம்கூடப் போவதில்லை.

பர்ப்பிள்ஹார்ட் (கயானா, சூரினாம், பிரேசில் பக்கத்து மரம்) முதலில் தலைகீழாக நடந்துகொள்ளும். கடைசல் இயந்திரமான லேத்திலிருந்து இறக்கும்போது மங்கிய சாம்பல் பழுப்பாக இருக்கும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று தோன்றும். காற்றும் வெளிச்சமும் பட்டுச் சில நாளில்தான் ஊதா ஏறும். அதனால் 320 நம்பர் உப்புத்தாள் வரை தேய்த்து முடித்துவிட்டு, பாலிஷ் போடாமல் வெயிலில் வைத்து, மணிக்கொருதரம் திருப்பி விடுங்கள். ஒரே பக்கமாக வைத்தால் பாதி ஊதா, பாதி சாம்பல் என்று நிற்கும். நிறம் ஏறியபின் உப்புத்தாள் போட்டால் ஏறிய நிறம் தூசியோடு போய்விடும்.

அவசரமென்றால் ஓவன் அடுப்பில் 120 முதல் 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைக்கலாம். நன்றாகக் காய்ந்த துண்டுக்கு மட்டும்தான் இது. ஈரம் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முனை வெடிக்கும். சூட்டை மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்க வேண்டும். ஒட்டுவேலைப் பொருளென்றால் (பல மரத்துண்டுகளை ஒட்டிக் கடைந்தது) ஒட்டுவதற்கு முன்பே துண்டுகளைச் சூடுபடுத்திவிடவும். வெள்ளைப் பசை சூட்டில் இளகிவிடும். உளி மழுங்கியிருந்தாலும் தொல்லை. உராய்வுச் சூட்டில் பிசின் கசிந்து ஒட்டும். சூடேறிய இடம் மட்டும் ஊதா கூடித் திட்டுத்திட்டாகத் தெரியும். எல்லாம் சரியாகச் செய்தாலும் அந்த ஊதா நிரந்தரமில்லை. வெளிச்சமான அறையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கருஞ்சிவப்புப் பழுப்புக்கு இறங்கும்.

படாக்தான் எல்லாவற்றிலும் வேகம். ஆப்பிரிக்க படாக்கானாலும் அந்தமான் படாக்கானாலும் நம்ம செம்மரத்துக்கும் வேங்கைக்கும் ஒரே பேரினத்து உறவு. நல்ல வெளிச்சத்தில் சில மாதத்திலேயே ஆரஞ்சு போய்ச் செங்கல் நிறமாகி, பிறகு அடர்பழுப்பாகும். மூடியுள்ள டப்பாவைத் திறந்தால் இது பளிச்சென்று தெரியும்: மூடி உட்காரும் விளிம்பு இன்னும் ஆரஞ்சு, வெளிச்சுவர் காப்பிக்கொட்டை.

இதன் இன்னொரு குணம் சாயம் கசிவது. பதிமுகக் கட்டையைத் தண்ணீரில் போட்டால் தண்ணீர் சிவக்கும். படாக்கின் சிவப்பு தண்ணீரில் லேசில் கரையாது, ஸ்பிரிட்டில் உடனே கரையும். ஸ்பிரிட்டில் கரைத்த ஷெல்லாக்கை (அரக்குப் பாலிஷ்) துணியால் தேய்த்தால் பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெளிறிய மேப்பிள் மரத்துண்டு முழுக்க ஆரஞ்சுக் கறை. உப்புத்தாள் தூசியே வெள்ளை மரத்தின் துளைக்குள் இறங்கிவிடும். தூசியைத் துணியால் துடைக்காமல் கம்ப்ரசர் காற்றால் ஊதி எடுங்கள். முதல் பூச்சைத் தேய்க்காமல், லேக்கரை மெல்லியதாக இரண்டு மூன்று முறை தெளியுங்கள். அது இறுகியபின் எதை வேண்டுமானாலும் தேய்த்துக்கொள்ளலாம்.

ஓசேஜ் ஆரஞ்சு பலா, முசுக்கொட்டை குடும்பத்து மரம். அறுத்த அன்று மஞ்சளாயிருக்கும் பலாக்கட்டை பழைய தஞ்சாவூர் வீணையில் என்ன நிறத்தில் இருக்கிறதென்று பார்த்தவர்களுக்கு இதைப் பற்றி விளக்கவே வேண்டாம். கோகோபோலோ என்ற மரம் தன் ஆரஞ்சுக் கோடுகளை இழந்து கறுத்துப்போகும். எண்ணெய்ப்பசை மிகுதி என்பதால் ஆயில் பாலிஷ் அதில் காயவும் அடம்பிடிக்கும். அதன் தூசி தோலுக்கும் மூச்சுக்கும் ஆகாது, மாஸ்க் கட்டாயம். சிவப்பு நிலைக்க வேண்டுமென்றால் படாக்கைவிட பிளட்வுட் மேல். மஞ்சளுக்கு ஓசேஜைவிட யெல்லோஹார்ட்.

ஒட்டுவேலைக் கிண்ணத்தில்தான் இந்த மாற்றம் உண்மையில் கழுத்தை அறுக்கும். வால்நட் மற்ற பல மரங்களுக்கு எதிராக, நாளாக ஆக வெளுக்கும். படாக்கையும் வால்நட்டையும் அடுத்தடுத்து ஒட்டினால் ஒன்று மேலேறி, ஒன்று கீழிறங்கி, நடுவில் சந்தித்துக்கொள்ளும். வேலைப்பாடு காணாமல் போகும். மேப்பிளோடு படாக் என்றால் பிரச்சினையில்லை. ஆரஞ்சு போனாலும் வெளுப்பு–அடர்த்தி வித்தியாசம் நிற்கும். துண்டுகளை அடுக்கிப் போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். அதிலேயே வித்தியாசம் மங்கலாகத் தெரிந்தால் அந்த ஜோடியை விட்டுவிடலாம்.

எந்தப் பூச்சும் மாற்றத்தை நிறுத்தாது. மெழுகு இந்த விஷயத்தில் சும்மா. ஆளிவிதை எண்ணெய் தானே மஞ்சளித்து, ஊதாவையும் வெள்ளையையும் இன்னும் சீக்கிரம் அழுக்காகக் காட்டும். தண்ணீர் சார்ந்த அக்ரிலிக் அப்படி மஞ்சளிக்காது; ஊதாவுக்கு அதுவே சரி. யுவி தடுப்பான் சேர்த்த கிளியர் கோட் மாற்றத்தைத் தள்ளிப்போடும், ஆனால் கிண்ணம் பிளாஸ்டிக் மாதிரி மினுங்கும். மரத்தை மரமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அது பிடிக்காது. பூச்சைவிட வைக்கும் இடம்தான் முக்கியம். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரை விட்டு உள்சுவரில், எல்.இ.டி. விளக்கின் கீழ் வையுங்கள். வாரம் ஒருமுறை கால் சுற்று திருப்புங்கள்.

விலையுயர்ந்த கட்டையில் உளி வைக்குமுன் ஒரு சோதனை செய்துவிடலாம். 150 மி.மீ. நீளத் துண்டில் மூன்று பூச்சுகளைப் பட்டை பட்டையாக அடித்து, நீளவாக்கில் பாதியை அலுமினியத் தாளால் மூடி, தெற்கு ஜன்னலில் இரண்டு மூன்று மாதம் விடுங்கள். தாளைப் பிரித்ததும் தெரிகிற கோடு எந்தக் கடைக்காரர் வார்த்தையைவிடவும் நம்பகமானது.

பழைய நிறம் திரும்ப வேண்டுமென்றால் வழி உண்டு. பூச்சை எடுத்துவிட்டு 240, பிறகு 400 நம்பரில் லேசாகத் தேய்த்தால் ஆரஞ்சு மறுபடி வெளிவரும் (பர்ப்பிள்ஹார்டுக்கு மறுபடி வெயில் காட்ட வேண்டும்). ஆனால் அதற்குக் கிண்ணம் லேத்தில் மறுபடி மையம் பிசகாமல் ஏற வேண்டும். அடிப்பாகத்தில் சக்கின் (லேத்தில் கட்டையைப் பிடிக்கும் பிடிப்பான்) தாடை பிடிக்கிற பள்ளத்தை 3 மி.மீ. ஆழத்துக்கு விட்டே முடியுங்கள். அழகுக்காக அதைக் கடைந்து சமப்படுத்திவிட்டால், பிற்பாடு கிண்ணத்தின் வாய் பொருந்துமாறு தனியே ஒரு கட்டை கடைந்து, அதில் கவிழ்த்துப் பிடித்துத்தான் வெளிப்பக்கத்தைத் தேய்க்க முடியும். உள்பக்கத்துக்குக் கைதான் கதி.