இ-ரீடரில் தமிழ்: சில வருஷம் புழங்கிய பிறகு

மின்நூல் படிக்கும் கருவியான இ-ரீடரின் விலை குறைந்திருக்கிறது என்று தெரிந்ததும் எங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை கேட்டார்: "அக்கா, உங்ககிட்ட இருக்கிற மாதிரி இ-ரீடர் ஆஃபர்ல போட்டிருக்காங்க. சனி, ஞாயிறுல தமிழ் படிக்கத்தான் வேணும். வாங்கிடட்டுமா?" எத்தனை அங்குலம், எத்தனை ஜிபி என்பதெல்லாம் அவருக்கே தெரியும். அதில் இல்லாத விஷயங்களைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ரிப்பேர் பற்றி முதலில். சார்ஜ் போடும் பின் லூசாகிவிட்டது. ஒயரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். பக்கத்து செல்போன் சர்வீஸ் கடையில் கொடுத்தேன், சாயங்காலமே சரிசெய்து கொடுத்துவிட்டார்கள். பேட்டரி பழையதுதான், இன்னும் நன்றாக நிற்கிறது. திரையைத்தான் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருப்பது மெல்லிய கண்ணாடித் தகடு. பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் மாட்டினால் விரிசல் விட்டுவிடும். திரையை மாற்றும் செலவுக்குக் கொஞ்சம் சேர்த்தால் புதுசே வாங்கிவிடலாம். கெட்டியான உறை அவசியம்.

இனி இதில் கிடைக்கும் சந்தோஷம். கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து சேர்வராயன் மலை முழுசாகத் தெரியும். ஞாயிறு காலையில் துணி காயப்போட்டுவிட்டு அங்கேயே தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து படிப்பேன். நிழல் நகர்ந்து வெயில் திரைமேல் விழுந்தாலும் எழுத்து மங்காது, இன்னும் தெளிவாகும். செல்போன் அந்த வெயிலில் கண்ணாடி மாதிரி என் முகத்தைத்தான் காட்டும். இந்தத் திரைக்குள் மிக நுண்ணிய குமிழ்கள். ஒவ்வொன்றிலும் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் எதிரெதிர் மின்னூட்டத்தோடு மிதக்கின்றன. மின்புலத்தை மாற்றினால் கறுப்போ வெள்ளையோ மேலே வரும். வந்தது அங்கேயே நிற்கும், நிற்பதற்குக் கரண்ட் வேண்டாம். பக்கம் மாறும்போது மட்டும்தான் செலவு, அப்புறம் முன்விளக்கு போட்டால் அதற்குக் கொஞ்சம். அதனால்தான் ஒரு தடவை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வருகிறது. பராமரிப்புப் பணி என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் நிறுத்தும் சனிக்கிழமைகளில் இதன் அருமை தெரியும்.

எழுத்தைப் பெரிசாக்கிக்கொள்ளலாம் என்பதை எல்லாரும் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் படுக்கையில் ஒருக்களித்துப் படுத்துப் படிக்க முடிகிறது என்பது எனக்கு அவ்வளவு சின்ன விஷயம் இல்லை. அம்மாவுக்கு இன்னும் பெரிசாக வைத்துக் கொடுக்கிறேன். பல வருஷமாகப் புத்தகத்தை விட்டிருந்தவர், இப்போது மத்தியானத் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்.

சனிக்கிழமை சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கிவருவது எங்கள் வீட்டு வழக்கம். சேலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம்: இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம், சட்னி. வலது கை அதில் இருக்கும். இடது கை இ-ரீடரைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் ஓரத்தைத் தொட்டால் பக்கம் புரளும். பீட்ரூட் சாறு தெறித்தால் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. நூலகப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இப்படிச் சாப்பிட எனக்கு மனசு வராது.

ஏற்காட்டில் அண்ணன் வீட்டுக்குப் போகும்போதும் இதுதான் கையில். அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகள் முடியும்வரை பையிலிருந்து எடுப்பதில்லை, தலை சுற்றும். மேலே போய்விட்டால் திண்ணையில் காப்பியும் இதுவும். அண்ணன் அலமாரியில் உள்ள புத்தகங்கள் மலை ஈரத்தில் பூசணம் பிடித்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை.

என்ன படிப்பது? தமிழுக்கு இலவசமாகவே அவ்வளவு இருக்கிறது. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகக் கொடுக்கும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று ஆரம்பித்தது. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரமும் உலகெங்கும் இருந்த தன்னார்வலர்களும் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் ஏற்றிய நூல்கள் அதில் உள்ளவை. சம்பளமில்லாமல் யாரோ செய்த அந்த வேலையால்தான் நான் இன்று மாடியில் உட்கார்ந்து படிக்கிறேன். ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தில் ஒரே நூலை இபப் (எழுத்தைப் பெரிசாக்கினால் வரிகள் தாமே மாறி அமையும் மின்நூல் கோப்பு) ஆகவும், ஆறு அங்குலத் திரைக்கென்றே வடிவமைத்த பிடிஎஃப் ஆகவும் கொடுக்கிறார்கள். பழைய நூல்களை ஸ்கேன் செய்த பிடிஎஃப்களை மட்டும் இதில் முயல வேண்டாம். எழுத்து கடுகாகத் தெரியும், பெரிசாக்கினால் வரிக்கு வரி இழுக்க வேண்டும்.

இந்த வாரக் கடைசிக்கு என்று கேட்டால் நான் சொல்வது உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. பெரிய நூல் என்று பயப்பட வேண்டாம். 1940இல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வர ஆரம்பித்தது, அதனால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு டம்ளர் காப்பிக்குள் முடியும். மொத்தம் 122. 1942இல் அவர் இறந்துவிட்டதால் கதை பாதியில் நிற்கிறது. சேலத்துக்காரர்கள் படிக்க இன்னொரு காரணமும் உண்டு. கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரை ஐயர் முதன்முதலாகச் சந்தித்தது 1880 அக்டோபர் 21. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. இதற்கெல்லாம் மூலமான பழைய நூல்கள் தெரியுமா என்று சீவக சிந்தாமணிக்கு வருகிறார். 1887இல் சிந்தாமணி அச்சாகி வந்ததற்கு விதை அந்தச் சந்திப்பு. நம் ஊர்க்காரர் ஒருவர் கேட்ட கேள்வி தமிழ் படித்தவர்களின் பார்வையையே பின்னோக்கித் திருப்பியது. அந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

என் கோபமும் அந்த இடத்தில்தான். இந்த அத்தியாயத்தை அந்த ஆசிரியைக்குக் காட்டலாம் என்று ஓய்வறையில் எடுத்தேன். தேடும் பெட்டியைத் தொட்டால் விசைப்பலகை வருகிறது. அதில் தமிழ் இல்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ அப்டேட் வந்துவிட்டது, ஒன்றிலும் தமிழ் விசைப்பலகை வரவில்லை. ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒன்றும் கிடைக்காது, நூலில் இருப்பது தமிழாயிற்றே. என்னிடம் உள்ள கோப்பில் பொருளடக்கத்துக்கு இணைப்பும் கிடையாது. சரி என்று விரலால் தள்ளித் தள்ளிப் போனேன். ஒரு வழியாக 'முதலியார்' என்ற சொல் கண்ணில் பட, அதையே அழுத்திப் பிடித்துத் தேடச் சொன்னேன். அந்த வடிவம் மட்டும் வந்தது. முதலியாரை, முதலியாரிடம், முதலியாருடைய என்று வேற்றுமை உருபு ஏறினதெல்லாம் அதற்கு வேறு சொற்கள். மணி அடித்துவிட்டது, அவர் வகுப்புக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து இதே கோப்பைச் செல்போனில் திறந்து தமிழில் அடித்தேன், உடனே அந்தப் பக்கத்தில் போய் நின்றது.

முடியாத காரியமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கொம்பும் கொக்கியும் பிசகாமல் காட்டுகிறது. ஒவ்வொரு எழுத்தும் யூனிகோட் எண்ணாக உள்ளே இருக்கிறது. தேடுவது என்பது எண்ணோடு எண்ணை ஒத்துப்பார்ப்பதுதான். அந்த எண்ணை உள்ளே அனுப்ப ஒரு விசைப்பலகை வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அகராதியும் இப்படியே. உ.வே.சா. காலத்துச் சொல் ஒன்று புரியாமல் அழுத்தினால் பொருள் இல்லை என்று வருகிறது. கருவி செய்பவர்களுக்குத் தமிழ் நூல்களை விலைக்கு விற்கத் தெரிகிறது, வாங்கினவர் அதற்குள் தேடுவார் என்று நினைத்துப் பார்க்கத் தெரியவில்லை. கதை படித்துவிட்டு மூடுபவருக்கு இது தட்டுப்படாது. பாடம் நடத்துபவர், குறிப்பு எடுப்பவர், ஒரு வரியை நண்பருக்குக் காட்ட ஆசைப்படுபவர் எல்லாருக்கும் தினமும் இடிக்கும்.

ஆகவே என் பதில், வேண்டாம்மா, இப்போதைக்கு வாங்காதே. மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது பொருந்தவில்லை என்று தெரியும், என் கருவியை நான் யாருக்கும் கொடுக்கப் போவதும் இல்லை. ஆனாலும் ஆஃபர் விலையானாலும் அது உன் சம்பளப் பணம். தமிழ் படிக்க என்று சொல்லி வாங்கப்போகிறாய், தமிழில் ஒரு சொல் தேடிக் கொடுக்க அதனால் முடியாது. கேட்டுக் கேட்டுத்தான் தமிழ் விசைப்பலகை வரும் என்றால், வாங்குவதற்கு முன்னால் கேட்பதற்குத்தான் வலு அதிகம். அதுவரை 'என் சரித்திரம்' இபப் கோப்பை உன் செல்போனுக்கே அனுப்புகிறேன். முதலியார் வரும் இடத்தை நீயே தேடிக்கொள்ளலாம்.